தண்ணிக்குள்ளே ரேடியோ கேக்குமா?



ஆண்டு மலரில் எழுதச் சொன்னதும் காதல் கவிதை எழுதலாமா, கல்லூரி நினைவுகள் எழுதலாமா என்று யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அதனால் பல மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். ஓடிவிடாதீர்கள்! கணக்கை விட்டுவிட்டுப் படித்தாலும் விஷயம் புரியும்.

ஒரு நாள் சாயங்காலம், நெம்மேலிக் கரையில் எங்க அப்பா கிழிஞ்ச வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. என் புத்தகத்தில் இருந்த ஆன்டெனா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, கடலுக்கு அடியில கப்பல் போவுதுன்றானே, அதுல இருக்கறவனுக்கு ரேடியோ கேக்குமா? தண்ணிக்குள்ள எப்பிடிடா கேக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆன்டெனா பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான். ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் மூன்று வரியில் ஒப்பிப்பேன். ஆனால் கடலிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒரு மனிதர் கேட்ட நேரான கேள்விக்கு முழித்தேன். "பாத்துட்டுச் சொல்றேன்பா" என்றேன். அந்த வெட்கத்தில் ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

கேள்விக்குப் பதில்

கேக்கும். ஆனால் எல்லா ரேடியோவும் கேக்காது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் நெம்மேலியில் 2013-ல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை தினமும் பிரித்தெடுக்கிறதே, அதே உப்புதான். அந்த உப்பினால் கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்குள் ரேடியோ அலை நுழைந்தால் சீக்கிரம் செத்துப்போகும். அலையின் பலம் 37 சதவீதமாகக் குறைகிற ஆழத்துக்கு 'ஸ்கின் டெப்த்' என்று பெயர். நாம் செப்புக் கம்பிக்குப் படித்த அதே சமன்பாடுதான், இங்கே கடலுக்கு. போட்டுப் பார்த்தேன். எஃப்.எம். ரேடியோவின் 100 மெகா ஹெர்ட்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் வருகிறது! 7 மெகா ஹெர்ட்ஸ் சிற்றலைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். 18 கிலோ ஹெர்ட்ஸுக்கோ கிட்டத்தட்ட 1.9 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அது 200-ல் ஒரு பங்காகக் குறைந்தாலும், மேலே பலமாக இருந்தால் கீழே பிடித்துவிடலாம்.

அதனால்தான் 3 முதல் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான வி.எல்.எஃப். அலைகள் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி சொல்லப் பயன்படுகின்றன. இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள மிக உயரமான கோபுரங்கள் 471 மீட்டர். தென்னை மரத்தை 20-க்கும் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் வருகிற உயரம்! அதன் 18.2 கிலோ ஹெர்ட்ஸ் அலையை வைத்து, கல்கத்தாவில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வு மையத்தார் 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது அயனி மண்டலத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ்ளோ ஒசரம் வேணுமா? சின்னதா பண்ண முடியாதா?" என்றார். எங்க அப்பா எப்போதும் இப்படித்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி.

சின்னதாகச் செய்தால் என்ன ஆகும்?

பாடப்புத்தகப்படி நல்ல ஆன்டெனா என்றால் கால் அலைநீளம். 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 30 கிலோமீட்டர். கால் பங்கு ஏழரை கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் பெரும்பகுதியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்! நடக்கிற காரியமா?

சரி, ஒரு தென்னை மர உயரத்துக்குக் கம்பி நிறுத்துவோம் என்றால், அந்தக் கம்பி ஏறக்குறைய 100 பிகோ ஃபாரட் கெபாசிட்டர் மாதிரி இருக்கும். 10 கிலோ ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஓம். அதை ஈடுகட்ட இரண்டரை ஹென்றி சுருள் வேண்டும். ஒரே ஒரு ஆம்பியர் ஓட்ட லட்சக்கணக்கில் வோல்ட் வேண்டும். தீப்பொறி பறக்கும்.

இதற்கு மாற்று வழிதான் லூப் ஆன்டெனா. கம்பியை வளையமாக, நிலத்துக்குச் செங்குத்தாகக் கட்டி, அதில் நிறைய கரண்ட் ஓட்டுவது. வோல்டேஜ் குறைவு, கரண்ட் அதிகம். ஐரோப்பாவில் சில அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தங்கள் நாட்டு விதிகளுக்கு உட்பட்டு 9 கிலோ ஹெர்ட்ஸுக்கும் கீழே சோதனைகள் செய்கிறார்கள். சிலர் பட்டம் விட்டு அதில் கம்பியை உயர்த்துகிறார்கள். சிலர் வளையம் கட்டுகிறார்கள். கேட்பவர்கள் மணிக்கணக்கில் சிக்னலைச் சேர்த்துச் சேர்த்து, இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். 2007-ல் நடந்த உலக ரேடியோ மாநாடு 135.7 முதல் 137.8 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை அமெச்சூர் சேவைக்கு இரண்டாம் நிலையில் ஒதுக்கியது. அதிலும் வெளியே போகும் சக்தி 1 வாட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு. அந்த 1 வாட்டை எட்டுவதே அங்கே பெரிய சாதனை!

நம் கல்லூரி மைதானத்தின் மூலையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுர வளையம் ஒன்று கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். (அவ்வளவு உயரத்துக்கு மரம் இல்லை, தெரியும். கணக்குக்காக.) வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் செப்புக் கம்பி, மொத்தம் 80 மீட்டர். இதோ விடை:

இண்டக்டன்ஸ் சுமார் 148 மைக்ரோ ஹென்றி. 10 கிலோ ஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் 9.3 ஓம். கம்பியின் தடை சுமார் 0.6 ஓம். ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ்? ஒரு ஓமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சுமார் 6 பங்கு!

இதில் 100 வாட் கொடுத்தால் சுமார் 13 ஆம்பியர் ஓடும். வானத்துக்குப் போவது ஏறக்குறைய ஒரு மைக்ரோவாட். மிச்சம் முழுவதும் கம்பியைச் சூடாக்கும். மண்ணில் போகிற இழப்பு தனிக் கணக்கு.

இதைப் பார்த்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டேன். நூறு வாட் கொட்டி ஒரு மைக்ரோவாட் எடுப்பதா? வீண் வேலை என்று தோன்றியது. என் கருத்தை மாற்றியவர் எங்க மாமா.

மைக் செட் மாமாவின் பாடம்

மாமா மைக் செட் வைத்திருக்கிறார். ஆடி மாசம் கூழ் ஊத்துற திருவிழா, காது குத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரைப் பனை மரத்தில் கட்ட அவரோடு போயிருந்தேன். கோயிலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கூம்பு. நான் ஆம்ப்ளிஃபயரின் 16 ஓம் முனையில் வயரை மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"மாப்ள, அவ்ளோ தூரத்துக்கு நேரா உட்டா பாதி சவுண்டு வயரே தின்னுடும். 100 வோல்ட் லைன்ல உட்டு, அங்க கூம்பாண்ட டிரான்ஸ்பார்மர் போடணும். ஓம்ஸ் பாக்காம மாட்டுனா ஒண்ணு சவுண்டு வராது, இல்ல செட்டு பூடும்."

நான் கல்லூரியில் 'மேக்சிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தேற்றம்' என்று நிரூபித்துப் படித்ததும், மாமா பனை மரத்தில் செய்ததும் பக்கத்துப் பக்கத்து வீட்டு விஷயங்கள். எனக்கு நிரூபிக்கத் தெரியும், மாட்டத் தெரியாது. அவருக்கு மாட்டத் தெரியும். இன்னொன்றும் புரிந்தது. கிடைக்கிற சக்தி கொஞ்சம் என்கிறபோதுதான் மேட்சிங்குக்கு மதிப்பே வருகிறது. தாராளமாக இருக்கிற இடத்தில் கொஞ்சம் சிந்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மைக்ரோவாட்தான் மிஞ்சும் என்கிற இடத்தில் ஒரு துளியும் சிந்தக்கூடாது.

நோட்டை மறுபடி திறந்தேன்.

மேட்சிங்: இரண்டு படி

முதல் படி, ரெசனன்ஸ். வளையத்தின் 9.3 ஓம் ரியாக்டன்ஸை ஒரு கெபாசிட்டரால் ரத்து செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 1.7 மைக்ரோ ஃபாரட் வேண்டும். எங்கே கிடைக்கும்? தலைக்கு மேல் பாருங்கள்! சீலிங் ஃபேனில் இருக்கிற 3.15 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இரண்டு. ஒவ்வொன்றோடும் 0.22 மைக்ரோ ஃபாரட் ஒன்றைப் பக்க இணைப்பாகச் சேருங்கள். இந்த இரண்டு ஜோடியும் தொடர் இணைப்பில் 1.685 வரும். வளையம் 10.08 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்திசையும். ஃபேன் கெபாசிட்டர் 13 ஆம்பியர் தாங்காது. சிக்னல் ஜெனரேட்டரின் சில மில்லிவாட்டில் சோதனை செய்யத் தாராளமாகப் போதும்.

இரண்டாம் படி, டிரான்ஸ்பார்மர். ரியாக்டன்ஸ் போன பிறகு மிஞ்சுவது வெறும் 0.6 ஓம். நம் ஆய்வக ஜெனரேட்டர் 50 ஓம். சுற்று விகிதம் என்பது இம்பீடன்ஸ் விகிதத்தின் வர்க்கமூலம். 50-ஐ 0.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 9-க்குச் சற்று மேல். பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.-ல் கழற்றிய, இடைவெளி இல்லாத ஃபெரைட் கோரில் ஒரு பக்கம் 36 சுற்று, மறுபக்கம் 4 சுற்று. முடிந்தது! 36 சுற்றின் ரியாக்டன்ஸ் 50 ஓமைப் போல நாலைந்து மடங்காவது வர வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரே சுமையாகிவிடும்.

மேட்ச் ஆனதா என்று எப்படித் தெரியும்? ஜெனரேட்டரின் வெளியீட்டை ஒன்றும் மாட்டாமல் அளக்க வேண்டும். பிறகு வளையத்தை மாட்டி அளக்க வேண்டும். ரெசனன்ஸில் வோல்டேஜ் சரியாகப் பாதியானால் மேட்ச். பாதிக்கும் கீழே போனால் சுமை குறைந்த ஓம், மேலே நின்றால் அதிக ஓம். இதற்கு ஒரு ஆசிலோஸ்கோப் போதும். அதிர்வெண்ணைச் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளினாலே மேட்ச் கெட்டுவிடுவதையும் பார்க்கலாம். கியூ ஃபேக்டர் சுமார் 15, அதனால் பட்டை அகலம் 650 ஹெர்ட்ஸ் அளவுதான். பரீட்சையில் 'கியூ அதிகமானால் பேண்ட்வித் குறையும்' என்று எழுதுகிறோமே, அதைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

பேலன்ஸ்: நான் பட்ட பாடு

காவடியில் இரண்டு குடம் தண்ணி தூக்குகிறவரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எடை இருந்தால் தோளில் ஆடாமல் நிற்கும். ஒரு பக்கம் கூடினால், ஆள் கோணலாக நடப்பார். லூப்பும் அப்படித்தான். இரண்டு முனையும் பூமியைப் பொறுத்துச் சமமாகவும் எதிரெதிராகவும் இருக்க வேண்டும்.

மேலே ஏன் ஒரே கெபாசிட்டர் போடாமல் இரண்டு போட்டேன் என்று கவனித்தீர்களா? ஒரு காலில் ஒன்று, மறு காலில் ஒன்று. டிரான்ஸ்பார்மரின் 4 சுற்றில் நடுவே 2-ஆம் சுற்றில் டேப் எடுத்து எர்த் செய்கிறோம். 100 வாட்டில் வளையத்தின் குறுக்கே 120 வோல்ட் வரும். பேலன்ஸ் இல்லாவிட்டால் ஒரு முனை 120, மறுமுனை பூஜ்யம். பேலன்ஸ் இருந்தால் இரு பக்கமும் 60, 60. "இதுக்கா இவ்வளவு?" என்பீர்கள். இதே வளையத்தை 136 கிலோ ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதே 100 வாட்டுக்கு 1000 வோல்ட்டைத் தாண்டும்! (வெளியே போவதும் ஒரு மைக்ரோவாட்டிலிருந்து சுமார் 14 மில்லிவாட்டுக்கு ஏறும்.) அங்கே 1000 வோல்ட்டா, 500 வோல்ட்டா என்பது இன்சுலேஷனுக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசம். அதிர்வெண் ஏற ஏற, கம்பிக்கும் தரைக்கும் இடையே இருக்கிற கெபாசிட்டன்ஸ் வழியாகக் கரண்ட் கசிவதும் கூடும். அப்போது ஊட்டும் கேபிளின் வெளிச்சட்டையும் வீட்டு எர்த் வயரும் ஆன்டெனாவாகிவிடும். நாம் கட்டியது ஒன்று, வேலை செய்வது இன்னொன்று.

இதை நான் புத்தகத்தில் படித்து நம்பவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. கேட்கலாமே என்று, மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 26 கேஜ் எனாமல் கம்பி சுமார் 350 கிராம் வாங்கி, ஒரு மீட்டர் சதுரச் சவுக்குச் சட்டத்தில் 60 சுற்று சுற்றினேன். சுமார் 10 மில்லி ஹென்றி. 6.8 நானோ ஃபாரட்டோடு சின்ன கெபாசிட்டர்களைச் சேர்த்துச் சேர்த்து 18.2 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய லேப்டாப்பில் மைக் துளையில் மாட்டினேன். சவுண்டு கார்டு நொடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் 24 கிலோ ஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். திரையில் 18.2-ல் பளிச்சென்று ஒரு கோடு! சுமார் 550 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விஜயநாராயணம் எங்க வீட்டு மாடியில்! கத்திவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். லூப்பின் தளம் நிலையத்தை நோக்கி இருந்தால் சிக்னல் உச்சம், 90 டிகிரி திருப்பினால் மறைய வேண்டும். நான் எப்படித் திருப்பினாலும் கோடு அப்படியே இருந்தது. வந்து பார்த்த நண்பன் "சூப்பர்டா, எல்லாப் பக்கமும் எடுக்குது!" என்றான். நானும் இரண்டு நாள் அப்படித்தான் பெருமைப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. எல்லாப் பக்கமும் எடுப்பது லூப் இல்லை. லேப்டாப்பின் எர்த்தோடு ஒரு முனையைக் கட்டியதால், கேபிளும் சார்ஜர் வயரும் சேர்ந்து ஆன்டெனாவாகியிருந்தன. நான் கஷ்டப்பட்டுச் சுற்றிய 240 மீட்டர் கம்பி சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய மோடம் ஒன்றில் இருந்த லைன் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, லூப்புக்கும் லேப்டாப்புக்கும் இடையே போட்டேன். லூப்பின் இரு முனையும் எதிலும் எர்த் ஆகாமல் மிதக்கவிட்டேன். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன். உச்சி வெயிலில் மறுபடி சோதனை. (ராத்திரியில் வானத்திலிருந்து திரும்பி வரும் அலையும் சேர்ந்து குழப்பும்.) லூப்பை மெல்லத் திருப்பினேன். கோடு மங்கியது, மங்கியது, ஒரு இடத்தில் இரைச்சலுக்குள் மூழ்கியது. சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாகக் கையை நீட்டிப் பார்த்தேன். தென்தென்மேற்கு! வரைபடத்தில் விஜயநாராயணம் இருக்கிற திசை!

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் எங்க இல்லியோ அத வச்சி தெச சொல்ற" என்றார். எங்கள் ஆன்டெனா பாடத்தில் 'நல்' பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

"இதெல்லாம் இப்போ எதுக்குடா?"

இந்தக் கேள்வியை வகுப்பில் பல பேர் கேட்டுவிட்டார்கள். 5ஜி வந்துவிட்ட காலத்தில் கிலோ ஹெர்ட்ஸா என்று சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். மூன்று பதில் சொல்கிறேன்.

ஒன்று, வி.எல்.எஃப். செத்துப்போன விஷயம் இல்லை. 2024 அக்டோபரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம் தாமகுண்டத்தில் கடற்படையின் இரண்டாவது வி.எல்.எஃப். நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காகச் சுமார் 2,900 ஏக்கர் காட்டு நிலம் போகிறதே என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. சிறிய ஆன்டெனாவை எப்படி நன்றாக வேலை செய்ய வைப்பது என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை என்று அந்த ஏக்கர் கணக்கே சொல்கிறது.

இரண்டு, பழையது என்பதால் மதிப்பு போய்விடாது. நம் பக்கத்தில் மாமல்லபுரத்துக் கல் ரதங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சரியாக 20 ஆண்டு கழித்து, 2004-ல், ஸ்வீடன் நாட்டின் கிரிமெட்டன் ரேடியோ நிலையத்தையும் அதே பட்டியலில் சேர்த்தது. 1920-களில் கட்டிய நிலையம். ஆறு கோபுரம், ஒவ்வொன்றும் 127 மீட்டர். டிரான்சிஸ்டர் இல்லை, வால்வு இல்லை. சுழலும் இயந்திரமே 17.2 கிலோ ஹெர்ட்ஸ் உண்டாக்குகிறது. விசேஷ நாட்களில் இன்றும் அதை ஓட்டிச் செய்தி அனுப்புகிறார்கள். உலகம் முழுக்க அமெச்சூர்கள் வீட்டில் கட்டிய லூப்பில் காத்திருந்து கேட்கிறார்கள்.

மூன்றாவதுதான் என் முக்கியமான கருத்து. 5ஜி ஆன்டெனாவை நாம் தொட முடியாது. மூடிய பெட்டியாக வரும், மாட்டுவோம், கெட்டால் கழற்றி அனுப்புவோம். கிலோ ஹெர்ட்ஸ் லூப்பை நாமே சுற்றலாம், நாமே கெடுக்கலாம், நாமே சரிசெய்யலாம். ஒவ்வொரு ஓமையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். மேட்சிங்கும் பேலன்ஸும் 10 கிலோ ஹெர்ட்ஸிலும் அதேதான், 3 கிகா ஹெர்ட்ஸிலும் அதேதான். சட்டம் ஒன்று, அளவு வேறு. நாளைக்கு நாம் டவரில் ஏறுவோமோ, தொழிற்சாலையில் மோட்டார் டிரைவ் பார்ப்போமோ, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுது பார்ப்போமோ, தெரியாது. "எர்த் எங்கே, கரண்ட் எந்த வழியா திரும்புது, சுமைக்கும் செட்டுக்கும் பொருத்தம் இருக்கா" என்ற கேள்விகள் எல்லா இடத்திலும் வரும். டிப்ளமோக்காரனிடம் தேற்றத்தின் நிரூபணத்தை யாரும் கேட்கப் போவதில்லை. "ஏம்பா சிக்னல் வரல?" என்றுதான் கேட்பார்கள்.

நம் நிலைமை என்ன? ஆன்டெனா டிரெய்னர் கிட்டில் ஸ்விட்ச் போடுகிறோம், மீட்டரைப் பார்க்கிறோம், ரெக்கார்டு நோட்டில் போன வருஷத்து வளைவையே வரைகிறோம். அந்தக் கிட்டில் எதுவும் மேட்ச் ஆகாமல் போகவே போகாது! தப்பு நடக்காத ஆய்வகத்தில் என்ன கற்றுக்கொள்வது? ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. இத்தனை பேட்ச், இத்தனை பாடம், அவர்களுக்கும் நேரம் இல்லை. வளையத்தைச் சுற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் செலவு செய்கிற நம் மாணவர் பேரவை, அதில் சிறு பங்கை இதற்கும் ஒதுக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில், மைதானத்து மூலையில் சவுக்குக் கழி நட்டு ஒரு லூப். 20 மீட்டர் இல்லாவிட்டால் 5 மீட்டர். ஆசிரியர் மேற்பார்வையில் மில்லிவாட் அளவில் மேட்சிங்கும் பேலன்ஸும் அளந்து பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையில் இடி மின்னல் காலத்தில் அதை இறக்கிவிட வேண்டும். கடற்கரை ஊர்க்காரன் சொல்கிறேன், இதில் விளையாடக் கூடாது.

அடுத்து, அமெச்சூர் ரேடியோ உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்குவது. அதற்கான தேர்வு நம் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் எழுதக்கூடியதுதான். உரிமத்தில் அனுமதித்த அலைவரிசையில், அனுமதித்த சக்தியில் மட்டுமே ஒலிபரப்ப வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து படித்தால் ஒரு கிளப் ஆகிவிடும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, அமெச்சூர் குழு ஒன்று தற்செயலாக அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் அவர்களுடைய செட்தான் செய்திகளைக் கொண்டு சேர்த்தது. அப்போது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்த அலை எங்கள் கரையில் என்ன செய்தது என்று கேட்டு வளர்ந்தவன். நம் கல்லூரியில் ஒரு செட்டும், அதை இயக்கத் தெரிந்த பத்துப் பேரும் இருப்பது கடற்கரை மாவட்டத்துக்கு நல்லது.

நண்பர்களே! நம்மில் பல பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. வீட்டில் கேட்கிற கேள்விக்கு "அது உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் பல நேரம் புரியாமல் இருப்பது நமக்குத்தான். அதுவும் ஒரு மிஸ்மேட்ச்தான். ஒரு பக்கம் கேள்வி ஏராளம், மறுபக்கம் மார்க் ஏராளம், நடுவில் எதுவும் கடந்து போவதில்லை. அதற்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்ற வேண்டும். கையால்தான் சுற்ற முடியும்.

அப்பா இப்போது அடுத்த கேள்வி கேட்டிருக்கிறார்: "கீழ இருக்கறவனுக்கு மேல பேசறது கேக்குது, சரி. அவன் பேசுனா மேல கேக்குமா?"

ஒரு நீர்மூழ்கிக்குள் எவ்வளவு பெரிய வளையம் வைக்க முடியும், எத்தனை ஆம்பியர் ஓட்ட முடியும், அதில் எத்தனை மைக்ரோவாட் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விடை சாதகமாக வருகிற மாதிரி தெரியவில்லை. கூட உட்கார்ந்து போட விருப்பம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் ஆய்வக வாசலுக்கு வாருங்கள். நோட்டு கொண்டுவர மறக்காதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை